இனிஷியல்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு போன். அந்த நேரத்தில் போன் அடித்தால் ஒன்று துக்கச் செய்தியாக இருக்கும். இல்லையென்றால் என் மதுரை நண்பனாக இருக்கும். இரண்டாவதுதான்.

"மாப்ள, முழிச்சுட்டியா?"

"இப்பத்தான் நீ முழிக்க வெச்சே."

"ஒரு சிக்கல்டா. பாப்பா பி.காம். வேணாங்குறா. ஜர்னலிசம் படிக்கப் போறாளாம். நீ அதுலதானே இருக்கே... கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

'எடுத்துச் சொல்லு' என்றால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீடுகளில் அதற்கு 'வேண்டாம்னு சொல்லு' என்று பொருள்.

இவனும் நானும் மதுரையில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.காம். படித்தவர்கள். 2001ல் முடித்தோம். அவன் அப்பாவின் ஹார்டுவேர் கடைக் கல்லாவில் உட்கார்ந்தான். நான் பத்திரிகைக்கு வந்தேன். இன்று அவனுக்கு மூன்று கடைகள். எனக்கு வாரா வாரம் இந்தப் பக்கம்.

"நீ பி.காம். படிச்சுட்டுத்தானே பேப்பர்ல சேர்ந்தே? உன் பொழப்பு ஓடலையா? அப்புறம் அதுக்குன்னு தனியா எதுக்குடா ஒரு டிகிரி? மூணு வருஷம் தண்டம்தானே?"

நியாயமான கேள்வி. உங்கள் வீட்டிலும் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், இதே கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் படித்தது ஜர்னல். ஜர்னலிசம் அல்ல. 'உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை' என்று குறிப்பேட்டில் பதிவு போடும் அந்த ஜர்னல். இரண்டு வார்த்தைக்கும் வேர் ஒன்றுதான். 'நாள்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தவை. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதி வைப்பது. கணக்குப்பிள்ளையும் அதைத்தான் செய்கிறார். நிருபரும் அதைத்தான் செய்கிறார். சம்பளத்தில்கூட பெரிய வித்தியாசம் இல்லை.

ஊசி போட டாக்டருக்குப் பட்டம் வேண்டும். கோர்ட்டில் வாதாட வக்கீலுக்குப் பட்டம் வேண்டும், பார் கவுன்சிலில் பதிவும் வேண்டும். பத்திரிகையில் எழுத? ஒன்றும் வேண்டாம். நம் நாட்டில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒரு உரிமைகூட சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்கப்படவில்லை. அரசியல் சட்டம் 19(1)(அ) எல்லாக் குடிமகனுக்கும் கொடுத்திருக்கும் பேச்சுரிமைதான் எனக்கும். உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு.

வரலாறும் என் நண்பன் பக்கம்தான் நிற்கிறது. 1878ல் சென்னையில் 'தி ஹிந்து'வை ஆரம்பித்த ஆறு இளைஞர்களில் இரண்டு பேர் வாத்தியார்கள், நான்கு பேர் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜி.சுப்பிரமணிய ஐயர், 1882ல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1904ல் அதில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியார், அதற்கு முன் சில மாதங்கள் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழ் வாத்தியார். யாரும் ஜர்னலிசம் படித்ததில்லை. படிக்க அப்போது இங்கே படிப்பும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908ல் ஜர்னலிசத்துக்கென்று ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே முதல் ஜர்னலிசப் பள்ளி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் முதல் டீன் வால்டர் வில்லியம்ஸ் அச்சாபீஸ் எடுபிடியாக வாழ்க்கையை ஆரம்பித்தவர். கல்லூரிப் பட்டமே வாங்காதவர்!

இதையெல்லாம் நண்பனிடம் சொல்லி, 'பி.காமே படிக்கட்டும்டா, எழுதணும்னு இருந்தா தானா எழுதுவா' என்று முடித்துவிட்டு, மறுபடியும் போர்வைக்குள் போக நினைத்தேன். அதற்குள் போன் கைமாறியது.

"மாமா, நான்தான். ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா?"

"கேளு கண்ணு."

"ஜர்னலிசம் படிச்சிருந்தா இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டேனேன்னு நீங்க நினைக்கிற தப்பு ஏதாவது இருக்கா மாமா?"

தூக்கம் போய்விட்டது.

*

இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். 'உங்களால் மறக்க முடியாத பேட்டி எது?' என்று கேட்டிருக்கிறார்கள். 'மிரட்டல் வந்ததுண்டா?' என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதனால் நானும் யாரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

2003, மே மாதம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு மாவட்டத் தலைநகரில், ஒரு தினசரியில் நிருபர். எந்த ஊர், எந்தப் பேப்பர் என்பது வேண்டாம். தப்பு என்னுடையது.

இரவு எட்டு மணிக்கு போலீஸிலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வந்தது. ஏலச்சீட்டு நடத்தி ஏமாற்றியதாக ஒருவர் கைது. பெயர், இனிஷியல், வயது, தெருவின் பெயர். அவ்வளவுதான். ஊரில் இருந்த எல்லாப் பேப்பருக்கும் அதே காகிதம்தான் போயிருக்கும். எனக்கோ வயது இருபத்து மூன்று. மற்ற பேப்பரில் இல்லாத ஒரு வரியாவது என் செய்தியில் இருக்க வேண்டும் என்று ஒரு வெறி.

பைக்கை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கே போனேன். முனையில் ஒரு டீக்கடை.

"அண்ணே, இந்தப் பேர்ல இந்தத் தெருவுல யாருண்ணே?"

"யாரு, நம்ம டெய்லரா? மெயின் ரோட்டுல கடை வெச்சிருக்காரே."

போதும். ஆபீஸுக்குப் பறந்தேன். 'மெயின் ரோட்டில் தையல் கடை நடத்திவரும்' என்று பெயருக்கு முன்னால் சேர்த்தேன். நியூஸ் எடிட்டர் படித்துவிட்டு, "பரவாயில்லையே தம்பி, மத்த பேப்பர்ல இது இருக்காது" என்றார். அன்று இரவு பரோட்டா கூடுதலாக ஒன்று சாப்பிட்டதாக ஞாபகம்.

மறுநாள் காலை எல்லாப் பேப்பரையும் புரட்டினேன். அந்த வரி வேறு எதிலும் இல்லை. இல்லாததற்குக் காரணம் இருந்தது. அது உண்மை இல்லை.

பதினொரு மணிக்கு ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் போட்டிருந்த இஞ்ச் டேப்பை எடுக்கக்கூட மறந்து, கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. எங்கள் பேப்பரை மேஜையில் விரித்தார். பக்கத்தில் தன் கடை பில் புக்கை வைத்தார். அதில் அச்சடித்திருந்த பெயரின் முதல் எழுத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, என் இனிஷியல் 'க'. நீங்க போட்டிருக்கிறது 'சு'. அந்த ஆள் வீடு தெருக்கடைசியில இருக்கு. எனக்கும் சீட்டுக்கும் சம்பந்தமே கிடையாது."

ஒரே தெரு. ஒரே பெயர். இரண்டு பேர். போலீஸ் குறிப்பில் 'சு' என்று சரியாகத்தான் இருந்தது. செய்தியிலும் 'சு' என்றுதான் வந்திருந்தது. ஆனால், கடை 'க'வுடையது. ஊரில் யார் இனிஷியலைப் படிக்கிறார்கள்? தையல் கடை என்று போட்டால் தையல் கடைக்காரரைத்தான் பார்ப்பார்கள்.

டீக்கடையில் நான் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்றே ஒன்று. 'இனிஷியல் என்னண்ணே?' நாலு நொடி ஆகியிருக்கும்.

மறுநாளே வருத்தம் தெரிவிப்பதாகச் சொன்னோம். அவர் ஏழாம் பக்கத்தில் வரப்போகும் மூன்று வரியைப் படித்துப் பார்த்துவிட்டு கேட்டார்:

"இன்னிக்கு இதைப் படிச்சவங்க எல்லாரும் நாளைக்கு அதையும் படிப்பாங்களா தம்பி?"

"படிப்பாங்கண்ணே" என்றேன். இரண்டு நாளில் நான் சொன்ன இரண்டாவது பொய்த் தகவல்.

பத்து நாள் கழித்து, மனது கேட்காமல் அவர் கடைக்குப் போனேன். இரண்டு தையல் மெஷினை உறை போட்டு மூடி வைத்திருந்தார். "மே மாசம்தான் தம்பி எங்களுக்கு சீசன். ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்துடும்ல..." என்றார். ஒரு பள்ளிக்கூடம் வருடா வருடம் யூனிஃபார்ம் துணியை பண்டல் பண்டலாக இறக்கி, அட்வான்ஸும் கொடுக்குமாம். அந்த வருடம் ஆளனுப்பி, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டார்களாம். சீட்டுப் பணத்தைச் சுருட்டியவர் என்று பேர் வந்த ஆளிடம் யார் அட்வான்ஸ் கொடுப்பார்கள்?

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

*

பி.காமில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பாடம் உண்டு. பற்றும் வரவும் பொருந்தாவிட்டால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தூக்கிப் போட்டுவிட்டு, பிழை எங்கே என்று சாவகாசமாகத் தேடலாம். கண்டுபிடித்ததும் ஒரு திருத்தப் பதிவு போட்டால் அனாமத்துக் கணக்கு பூஜ்யமாகிவிடும். எவ்வளவு நாணயமான ஏற்பாடு!

பத்திரிகையில் அப்படி இல்லை. திருத்தம் போடலாம். கணக்கு நேராகாது. அந்த டெய்லரின் மே மாதம் இன்னும் என் அனாமத்துக் கணக்கில்தான் இருக்கிறது.

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று ஒரு பழமொழி சொல்வோம். அது 'ஆயிரம் வேரைக் கொன்றவன்' என்று இருந்தது, வாய் தவறிப் பேராகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு எழுத்து மாறினால் மூலிகை வைத்தியன் கொலைகாரன் ஆகிவிடுகிறான். இந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டது இரண்டாவது வகையில். என் பாடத்துக்கான பரீட்சைப் பேப்பர் ஊராருடைய வாழ்க்கையாக இருந்தது.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். அதற்கென்று ஒரு டிகிரி எதற்கு?

மூன்று வருட ஜர்னலிசப் படிப்பில் செய்தி எழுதுவது, எடிட்டிங், பத்திரிகை வரலாறு, தகவல் தொடர்புக் கோட்பாடுகள், போட்டோ, ரேடியோ, டி.வி., விளம்பரம் என்று பல பாடங்கள் உண்டு. அதில் பாதியை வேலையில் சேர்ந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். மீதிப் பாதிதான் விஷயம். மீடியா சட்டமும் நெறிமுறையும்.

உதாரணத்துக்கு ஒன்று. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை வெளியிடக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். 2012ல் வந்த போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு அதோடு நிற்கவில்லை. முகவரி, போட்டோ, குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையுமே சொல்லக்கூடாது என்கிறது. பெயரை மாற்றி எழுதிவிட்டு, 'இன்ன கிராமத்துத் தலைமை ஆசிரியரின் மகள்' என்று எழுதினால்? ஊருக்கே தெரிந்துவிடும். படிக்காத நிருபருக்கு இது தோன்றாது. கெட்ட எண்ணம் அல்ல. தெரியாது, அவ்வளவுதான்.

அவதூறுச் சட்டமும் அப்படித்தான். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500வது பிரிவுகள். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. 'உண்மையைத்தானே எழுதினேன்' என்பது மட்டும் அதில் போதாது. பொது நன்மைக்காக எழுதினேன் என்பதும் வேண்டும். 2003ல் இது எனக்குத் தெரியாது. நல்லவேளை, என் டெய்லருக்கும் தெரியவில்லை.

இதைவிட முக்கியமாக இன்னொன்றை அந்தப் படிப்பு தருகிறது. தப்பு செய்ய ஒரு இடம். மிசௌரியில் 1908ல் வகுப்பு தொடங்கிய முதல் நாளே மாணவர்கள் ஒரு பேப்பரையும் வெளியிட ஆரம்பித்தார்கள். இங்கேயும் 'லேப் ஜர்னல்' என்று மாணவர்களே எழுதி, எடிட் செய்து, பக்கம் அமைக்கும் பயிற்சிப் பத்திரிகை உண்டு. கல்லூரிக்குள் சுற்றுகிற அந்தப் பேப்பரில் இனிஷியல் மாறினால் பேராசிரியர் திட்டுவார். யாருடைய மெஷினுக்கும் உறை போட வேண்டியிருக்காது.

*

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் மதுரைப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பெண் கேட்டாள்:

"அதுக்கப்புறம் அவரைப் போய்ப் பார்த்தீங்களா மாமா? அடுத்த வருஷம் அவருக்கு ஆர்டர் கிடைச்சுதா?"

எங்கள் தொழிலில் இதற்கு 'ஃபாலோ-அப்' என்று பெயர். ஒரு செய்தி எழுதினால் அதோடு விட்டுவிடக்கூடாது. பிறகு என்ன ஆனது என்று போய்ப் பார்க்க வேண்டும். எத்தனையோ ஜூனியர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

நான் போகவில்லை. அதே வருடம் மாற்றலாகி வந்துவிட்டேன். அதன் பிறகு அந்த ஊர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கியதில்லை. நேரமில்லை என்று இங்கே எழுதினால், அது மூன்றாவது பொய்யாகிவிடும். பயம்.

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"டேய், சேர்த்துவிடு."

"என்னடா, கட்சி மாறிட்டே?"

"அவ கேட்ட ரெண்டு கேள்வியை இருபது வருஷமா நான் கேட்கலைடா."

ஆனால், கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடு என்று சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில், படிப்பின் பெயரைச் சரியாகப் படியுங்கள். விஸ்காம் வேறு, ஜர்னலிசம் வேறு. விஸ்காமில் போட்டோ, விளம்பரம், சினிமாவுக்கு இடம் அதிகம். செய்தி எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளையை அதில் சேர்த்துவிட்டு, பிறகு வருத்தப்படாதீர்கள். இரண்டாவது, கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். 'லேப் ஜர்னல் வருதா? கடைசி இதழைக் காட்டுங்க' என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். பாடம் நடத்துபவர்களில் செய்திக்காக வெயிலில் அலைந்தவர் யாராவது உண்டா என்றும் விசாரியுங்கள்.

மூன்றாவது, ஆரம்பச் சம்பளம் குறைவு. அதை மறைக்காமல் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காவது, பிள்ளைக்கு. ஜர்னலிசம் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கும். எதை எழுதுவது என்பதற்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். சட்டமோ, விவசாயமோ, பொருளாதாரமோ ஏதாவது ஒன்று. என்னைக் காப்பாற்றியது பி.காம்.தான். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தணிக்கை அறிக்கையை மற்றவர்கள் ஓரமாகத் தள்ளிவைத்தபோது, என்னால் அதைப் படிக்க முடிந்தது. முதலில் வேறு ஏதாவது படித்துவிட்டு, பிறகு சென்னை ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் மாதிரி, டெல்லி ஐ.ஐ.எம்.சி. மாதிரி இடங்களில் பட்டத்துக்கு மேல் இதைப் படிக்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான்.

"எல்லாத்தையும் இனிமே ஏ.ஐ.யே எழுதிடும்ங்குறாங்களே மாப்ள?" என்றான் நண்பன்.

எழுதும். அந்தப் போலீஸ் குறிப்பைக் கொடுத்தால், என்னைவிட அழகாக, அரை நிமிடத்தில் எழுதித் தரும். ஆனால், டீக்கடைக்குப் போய் 'இனிஷியல் என்னண்ணே?' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத் தயார் செய்வதற்கு மூன்று வருடம் ஒன்றும் அதிகமில்லை.

*

பெண் சேர்ந்துவிட்டாள். சென்னையில் ஒரு கல்லூரி. வகுப்பு ஆரம்பித்து இரண்டாவது வாரம் போன் செய்தாள். குரலில் எரிச்சல்.

"ஜர்னலிசம்னு சொல்லிட்டு என்ன மாமா இது! முதல் அசைன்மென்ட்டே சின்னப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கு. தெருவுல போய் பத்துப் பேரைப் பார்த்து, பேரும் இனிஷியலும் கேட்டு எழுதிட்டு வரணுமாம். நாம எழுதினதை அவங்ககிட்டயே காட்டி, சரின்னு வாங்கிட்டு வரணுமாம். ஒண்ணு தப்பா இருந்தாலும் மொத்தமும் பூஜ்யமாம்."

"எத்தனை மார்க்கும்மா?"

"பத்து. எனக்கு ஒரு இனிஷியல் தப்பாப் போச்சு. 'ச'வுக்குப் பதிலா 'சு'ன்னு எழுதிட்டேன். பத்தும் போச்சு."

பத்தே பத்து மார்க். அதோடு போயிற்று.

"பரவாயில்ல கண்ணு" என்றேன். "ரொம்ப மலிவாக் கிடைச்சிருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.